மாரடைப்பில் ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்காமல் ஸ்டென்ட் வைப்பது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோவில் வலது பக்க இதய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்ததையும், அடைத்திருப்பது ரத்தக்கட்டிதான் என்பதையும் டாக்டர் திரையில் காட்டினார். பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். சில மாதங்களுக்கு முன் சொந்தத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தபோது மூளையில் சிக்கிய கட்டியைக் குழாய் விட்டு வெளியே எடுத்தார்கள். "இதயத்தில் மட்டும் ஏன் எடுக்கவில்லை? கட்டியை உள்ளேயே வைத்து ஸ்டென்டால் அமுக்கிவிட்டார்களா? கூடுதலாகச் செலவாகும் என்றாலும் பணம் கட்டியிருப்போமே" என்று கேட்கிறீர்கள்.

முதலில் மனதை உறுத்தும் விஷயத்தை முடித்துவிடலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்குச் சிகிச்சையில் யாரும் குறை வைக்கவில்லை. பணம் சம்பந்தப்பட்ட முடிவும் இல்லை இது. மாரடைப்பில் எல்லோருக்கும் வழக்கமாகக் கட்டியை உறிஞ்சி எடுக்க வேண்டாம் என்பதுதான் அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 2015-லிருந்தும் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 2017-லிருந்தும் எடுத்திருக்கும் நிலை. அதற்கு முன் சில வருடங்கள் அதே வழிகாட்டு நெறிகள் "எடுப்பது நல்லது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பது தெரிந்தால் உங்கள் டாக்டர் செய்தது புரியும்.

கட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதய ரத்தக்குழாயின் சுவருக்குள் வருடக்கணக்கில் கொழுப்புப் படிவு சேர்ந்திருக்கும். ஒருநாள் அதன் மேல்மூடி கிழியும், அல்லது உட்புறச் சவ்வு உரியும். ரத்தத்தைப் பொறுத்தவரை அது ஒரு காயம். தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் ஃபைப்ரின் என்ற புரதம் வலைபோல் படரும், வலையில் சிவப்பணுக்கள் சிக்கும். சில நிமிடங்களில்கூடக் குழாய் அடைபட்டுவிடலாம். தொடக்கத்தில் கட்டி மெத்தென்று இருக்கும். நேரம் போகப் போக ஃபைப்ரின் கூடி இறுகும்.

இன்றைக்கு இது பாடப்புத்தக விஷயம். ஆனால் கட்டியால் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்த பிறகு கட்டி உண்டாகிறதா என்று 1970-களின் கடைசி வரை மருத்துவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. அமெரிக்காவில் ஸ்போகேன் நகரத்தில் மார்கஸ் டிவுட்டும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு வந்த சில மணி நேரங்களிலேயே ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். அப்போது அது துணிச்சலான காரியம். 1980-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. 12 மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தவர்களில் அது 65 சதவீதமாகக் குறைந்திருந்தது. கட்டிதான் குற்றவாளி என்பது தெளிவானது. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கப் பார்க்கிறது என்பதும் தெரிந்தது, ஆனால் அதற்குள் தசை செத்துவிடுகிறது. பிறகு இத்தாலியில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1986-ல் வெளியானது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி போட்டதில் மூன்று வார இறப்பு 13 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதத்துக்கு இறங்கியது. அதன் பிறகு பலூனும் ஸ்டென்டும் ஊசியை முந்தின. நேரத்தோடு, கைதேர்ந்தவர்கள் செய்தால் ஊசியைவிட ஆஞ்சியோபிளாஸ்டி நல்லது என்பது 2003 வாக்கில் உறுதியாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் உங்களுக்குத் தோன்றிய அதே எண்ணம் இதய மருத்துவர்களுக்கும் தோன்றியது. குழாய்க்குள் கம்பி விட்டு, பலூன் விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அந்தக் கட்டியை ஏன் விட்டுவைக்க வேண்டும்? அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பலூனையும் ஸ்டென்டையும் விரிக்கும்போது கட்டி நொறுங்கும். துணுக்குகள் ரத்த ஓட்டத்தோடு போய்க் கீழே நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். பெரிய குழாய் திறந்துவிட்டது என்று திரையில் தெரியும், ஆனால் தசைக்கு ரத்தம் போகாது. ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் இதை 'நோ ரீஃப்ளோ' என்பார்கள். ஸ்டென்ட் கச்சிதமாக விரிந்திருக்கிறது, படத்துக்காகச் செலுத்திய சாயம் மட்டும் நகராமல் நிற்கிறது. அப்படி ஒரு படத்தைப் பார்த்தவர்கள் யாரும் கட்டியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படாமல் இருக்க மாட்டார்கள்.

எடுக்கும் முறை பார்ப்பதற்கு எளிது. மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு வழிகாட்டிக் குழாயை விட்டு அதன் முனையை இதய ரத்தக்குழாயின் வாயில் உட்காரவைப்பார்கள். பெரும்பாலும் 6 ஃப்ரெஞ்ச் அளவு, அதாவது 2 மில்லிமீட்டர் வெளிவிட்டம். அதற்குள்ளே தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த கம்பி ஒன்றை அனுப்பி அடைப்பைத் தாண்டுவார்கள். கம்பியின் மேலேயே மெல்லிய உறிஞ்சுகுழாய் போகும். அதன் முனையில் ஓட்டை, மறுமுனையில் பெரிய சிரிஞ்ச். சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்துப் பூட்டிவிட்டால் வெற்றிடம் உண்டாகும். கட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உறிஞ்சத் தொடங்கி மெதுவாக உள்ளே நகர்த்த வேண்டும். நேராகக் கட்டிக்குள் குத்தினால் அதுவே கட்டியைக் கீழே தள்ளிவிடும். சிரிஞ்சில் ரத்தம் வருவது நின்றால் உறிஞ்சுகுழாயின் வாயில் கட்டி சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது உறிஞ்சலை விடாமல் முழுக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். இழுத்த பிறகு வழிகாட்டிக் குழாயிலிருந்தும் கொஞ்சம் ரத்தத்தை வெளியே விட்டு, அதில் துண்டு எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வந்த ரத்தத்தை ஒரு சின்ன வலைக் கூடையில் வடிகட்டினால் கட்டி தெரியும், சில சமயம் நுங்குபோல் வழுக்கிக்கொண்டு, சில சமயம் இறுகிய நாராக. கையில் எடுத்த ஒன்றைக் காட்டி "இதுதான் அடைத்தது" என்று சொல்வதில் டாக்டருக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கும் திருப்தி சாதாரணமானதல்ல. ஆனால் அந்தத் திருப்தியை வைத்து முடிவெடுக்க முடியாது.

2008-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்திலிருந்து டாபாஸ் என்ற ஆய்வு வெளிவந்தது. ஒரே மருத்துவமனை, 1,071 நோயாளிகள். பாதிப் பேருக்கு உறிஞ்சிவிட்டு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு வழக்கம்போல் பலூன் விட்டு ஸ்டென்ட். உறிஞ்சியவர்களுக்குத் தசையின் ரத்த ஓட்டம் தெளிவாகவே நன்றாக இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இறப்பு 7.6 சதவீதத்துக்குப் பதில் 4.7 சதவீதம். ஒரு கைச்சிரிஞ்சு இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றுகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வழிகாட்டு நெறிகளில் ஏறியது, உலகம் முழுக்க வழக்கமானது. ஆனால் டாபாஸ் இறப்பை அளப்பதற்காகத் திட்டமிடப்பட்ட ஆய்வு இல்லை. நுண்குழாய் ஓட்டத்தைப் பார்க்கத்தான் அந்த எண்ணிக்கை போதும். சின்ன ஆய்வில் வரும் பெரிய பலனைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்ல பழக்கம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஸ்வீடன் ஒரு அழகான வேலை செய்தது. அந்நாட்டில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் தேசியப் பதிவேட்டில் பதியப்படுகிறார்கள். ஓரெப்ரோ நகரத்தைச் சேர்ந்த ஓலே ஃப்ரோபர்ட் குழுவினர் யாருக்கு உறிஞ்சுவது, யாருக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கும் குலுக்கல் முறையை அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே புகுத்தினார்கள். தனியாக விண்ணப்பப் படிவங்களோ பெரிய செலவோ இல்லாமல், ஐஸ்லாந்து, டென்மார்க் மையங்களையும் சேர்த்து 7,244 பேர் ஆய்வில் வந்துவிட்டார்கள். டேஸ்ட் என்ற அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. 30 நாள் இறப்பு உறிஞ்சியவர்களில் 2.8 சதவீதம், உறிஞ்சாதவர்களில் 3.0 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்தும் அதே கதைதான். மருத்துவ ஆய்வுகளை இவ்வளவு மலிவாகவும் நேர்மையாகவும் நடத்த முடியும் என்று காட்டியதற்காகவே இந்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

2015-ல் கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து சஞ்சித் ஜோலி தலைமையில் டோட்டல் ஆய்வு வந்தது. 20 நாடுகள், 10,732 நோயாளிகள். இதயம் சார்ந்த இறப்பு, மறுபடி மாரடைப்பு, இதயம் தளர்ந்து ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலை, கடுமையான இதயச் செயலிழப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆறு மாதத்தில் உறிஞ்சியவர்களில் 6.9 சதவீதம், மற்றவர்களில் 7.0 சதவீதம். இதோடு போயிருந்தால் "பலன் இல்லை, கெடுதலும் இல்லை, விருப்பப்பட்டவர் செய்யலாம்" என்று விட்டிருப்பார்கள். ஆனால் 30 நாட்களுக்குள் பக்கவாதம் வந்தவர்கள் உறிஞ்சியவர்களில் 0.7 சதவீதம், மற்றவர்களில் 0.3 சதவீதம். எண் சின்னது. ஆனால் இதயத்தைக் காப்பாற்றப் போன இடத்தில் மூளையில் அடி விழுவது சின்ன விஷயம் இல்லை.

அது எப்படி நடக்கும் என்பதற்கு எல்லோரும் சந்தேகப்படும் வழி ஒன்று உண்டு. உறிஞ்சுகுழாயின் வாயில் தொங்கிக்கொண்டு வரும் கட்டி, வழிகாட்டிக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் நழுவினால் மகாதமனியின் தொடக்கத்தில் விழும். அங்கிருந்து மூளைக்குப் போகும் குழாய்கள் பக்கத்தில்தான். வழிகாட்டிக் குழாயை நன்றாக உள்ளே அமர்த்து, உறிஞ்சலை நிறுத்தாதே, கடைசியில் ரத்தத்தை வெளியே விடு என்று மேலே சொன்ன விதிகள் எல்லாம் இதற்காகத்தான்.

சரி, காரணகாரியமாக யோசித்தால் பலன் தர வேண்டிய ஒன்று ஏன் தரவில்லை? எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று விஷயங்கள். ஒன்று, உறிஞ்சுவதால் கட்டி முழுக்க வந்துவிடுவதில்லை. டாபாஸ் ஆய்விலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உறிஞ்சிய பொருளில் கட்டி எதுவும் கிடைக்கவில்லை. டோட்டல் ஆய்வின் ஒரு பகுதியாக ஓசிடி என்ற ஒளிக்கதிர்ப் படமுறையில் குழாயின் உட்புறத்தை நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைப்பதற்கு முன் மிச்சமிருந்த கட்டியின் அளவில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டு, நாம் எல்லாவற்றையும் அந்த நிமிடத்துக் கட்டியாக நினைக்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் 211 நோயாளிகளிடம் உறிஞ்சி எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். சுமார் பாதிப் பேரின் கட்டியில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பழையதான பகுதி இருந்தது. நெஞ்சு வலி வருவதற்குப் பல நாள் முன்பே அந்தக் கட்டி வளரத் தொடங்கியிருக்கிறது! பழைய கட்டி சுவரோடு பிடித்துக்கொண்டு இருக்கும், சிரிஞ்சின் இழுப்புக்கு அசையாது. மூன்று, நோயாளி நம்மிடம் வருவதற்குள் தசைக்கு நேர வேண்டிய சேதத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்கும். செத்த தசையைக் கட்டியை எடுத்து உயிர்ப்பிக்க முடியாது.

இப்போது பக்கவாதம். இது நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டு முடிவுகளும் ஒரே சமயத்தில் வந்தவை. டோட்டல் ஆய்வு இதயத்தில் உறிஞ்சுவதை ஓரங்கட்டிய அதே 2015-ன் தொடக்கத்தில், நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் ஆய்வு மூளையில் கட்டியை எடுப்பதை நிலைநாட்டியது. 500 நோயாளிகள். மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியில்லாமல் வாழ முடிந்தவர்கள் கட்டியை எடுத்தவர்களில் 32.6 சதவீதம், எடுக்காதவர்களில் 19.1 சதவீதம். மருத்துவத்தில் இப்படி ஒரு வித்தியாசம் அபூர்வம்.

மூளையில் பெரிய குழாய் அடைபடும்போது, கட்டி பல சமயம் வேறெங்கிருந்தோ வந்து சிக்கியதாக இருக்கும், இதயத்திலிருந்தோ கழுத்துக் குழாயிலிருந்தோ. அது சிக்கிய இடத்தில் குழாயின் சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெளியே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதயத்தில் கட்டி உண்டானதே அந்த இடத்தில்தான். அதை எடுத்தாலும் கிழிந்த கொழுப்புப் படிவு அங்கேயே இருக்கிறது, மறுபடி கட்டி சேரத் தயாராக. அதற்கு எப்படியும் ஸ்டென்ட் வேண்டும். இதைவிட முக்கியம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. மூளையில் கட்டியை எடுப்பதை ஊசி மருந்தோடும் சாதாரணக் கவனிப்போடும் ஒப்பிட்டார்கள். அவற்றால் பெரிய குழாய் பல சமயம் திறக்கவே இல்லை. இதயத்திலோ ஒப்பீடு பலூனோடும் ஸ்டென்டோடும். அவை பத்தில் ஒன்பது பேருக்குக் குழாயை ஏற்கெனவே திறந்துவிடுகின்றன. அதற்கு மேல் உறிஞ்சுகுழாய் எவ்வளவு கூட்டிவிட முடியும்?

"ஸ்டென்டால் அமுக்கிவிட்டார்களா" என்று கேட்டீர்கள். ஒரு வகையில் ஆமாம். கட்டியின் ஒரு பகுதி சுவரோடு அழுந்தும், கொஞ்சம் நொறுங்கிக் கீழே போகும். மீதியை அடுத்த நாட்களில் உடம்பின் சொந்தக் கரைப்பு வேலையே பார்த்துக்கொள்ளும். புதிதாகக் கட்டி சேராமல் ஹெபாரினும் தட்டணுவைத் தடுக்கும் மாத்திரைகளும் பார்த்துக்கொள்கின்றன. கட்டி அதிகமாக இருந்தால் டிரோஃபிபான், எப்டிஃபிபடைட் போன்ற வீரியமான மருந்தைச் சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுண்டு. அவற்றில் ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

உறிஞ்சுவதை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டோட்டல் ஆய்விலேயே "உறிஞ்ச வேண்டாம்" பிரிவில் இருந்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு, பலூன் மட்டும் கைகொடுக்காமல், கடைசியில் உறிஞ்ச வேண்டியிருந்தது. கம்பியும் பலூனும் போன பிறகும் குழாயில் பெரிய கட்டி நின்று ஓட்டத்தைத் தடுத்தால் இன்றும் உறிஞ்சுகுழாயைத்தான் கேட்போம். சிலருக்கு வலது ரத்தக்குழாய் இயல்பைவிட மிகவும் விரிந்து அகன்று இருக்கும். அதில் கட்டி திரளாகச் சேரும், ஸ்டென்ட் வைக்கவும் சரியான அளவு கிடைக்காது. ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் திடீரென்று கட்டி சேர்வது இன்னொரு நிலைமை. செயற்கை வால்வு உள்ளவருக்கோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவருக்கோ கட்டி இதயத்திலிருந்து வந்து இதய ரத்தக்குழாயிலேயே சிக்குவதுண்டு. அங்கே நிலைமை மூளையைப் போன்றதுதான், உறிஞ்சி எடுத்தாலே போதும், ஸ்டென்டே தேவைப்படாமலும் போகலாம். சிரிஞ்சுக்குப் பதில் பம்ப் வைத்துத் தொடர்ச்சியாக உறிஞ்சும் கருவிகளும் இப்போது இருக்கின்றன. முன்பு உப்புநீரைப் பீய்ச்சிக் கட்டியை உடைத்து உறிஞ்சும் ஆஞ்சியோஜெட் கருவியை எல்லோருக்கும் பயன்படுத்திப் பார்த்த ஒரு ஆய்வில், தசைச் சேதம் குறைவதற்குப் பதில் கூடுதலாக இருந்தது. அதனால் புதிய கருவி என்றாலே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவின் குழாயில் இவற்றில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முடிவு செய்திருக்கிறார். பலூன் போனதும் ஓட்டம் வந்துவிட்டது என்றால் உறிஞ்சாமல் விட்டதே சரியான முடிவு.

இவ்வளவு ஆய்வுகளும் கட்டியைப் பற்றிச் சொன்னதைவிட நேரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. வலி தொடங்கியதிலிருந்து குழாய் திறக்கும் வரை ஆகும் நேரத்துக்கு ஈடான கருவி எதுவும் இல்லை. கேத் லேப் தூரத்தில் இருந்தால், பக்கத்து மருத்துவமனையிலேயே ஈசிஜி பார்த்து, ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால் டெனெக்டிபிளேஸ் மாதிரியான கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவது மிகச் சரியான சிகிச்சை. "ஊசி போட்டு நேரத்தை வீணாக்கிவிட்டார்கள்" என்று பல குடும்பங்கள் கோபப்படுகின்றன, அது தவறான கோபம். தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வழியாக இணைத்து, தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி குழுவினர் 2,420 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. இணைப்புக்கு முன் 17.6 சதவீதமாக இருந்த ஒரு வருட இறப்பு, இணைப்புக்குப் பின் 14.2 சதவீதமானது. எந்தப் புதுக் கருவியும் இல்லாமல், இருக்கும் சிகிச்சையை நேரத்துக்குக் கொண்டுசேர்த்ததில் வந்த பலன் இது. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், ப்ராசுக்ரெல் இவற்றில் ஒன்று கொடுத்திருப்பார்கள். பொதுவாக ஒரு வருடத்துக்கு இந்த இரட்டை மருந்து தொடரும். பல் பிடுங்குவதற்கோ வேறு ஆபரேஷனுக்கோ யாராவது நிறுத்தச் சொன்னால் இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். முதல் சில மாதங்களில் மாத்திரையை நிறுத்துவதுதான் ஸ்டென்டுக்குள் மறுபடி கட்டி சேர்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அது வந்தால் உயிருக்கே ஆபத்து. டிகாக்ரெலார் சாப்பிடும் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். பயந்து தானாக விட்டுவிடாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

அடுத்த முறை போகும்போது டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு விஷயங்களைப் பார்த்து டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு 'டிமி' ஓட்டம் எத்தனை என்று எழுதியிருக்கும். பூஜ்யம் முதல் 3 வரை போகும் அளவு அது, 3 என்றால் பெரிய குழாயில் ஓட்டம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. இன்னொன்று எக்கோவில் வரும் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த எண் குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம். சாகாமல் தற்காலிகமாகச் செயலிழந்த தசையில் ஒரு பகுதி சில வாரங்களில் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை எக்கோ எடுத்துப் பாருங்கள், மேற்கொண்டு மருந்து மாற்றுவதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.